நார்டிக் நாடுகளின் இன்றைய இசை: பித்தளைக் கருவிகளை அங்கே எப்படிக் கேட்கிறார்கள்?

வடமீன்

பின்லாந்தின் இசைப்படைப்பாளர் காயா சாரியாஹோ கடைசியாக எழுதி முடித்தது ஒரு டிரம்பெட் கான்செர்ட்டோ, அதாவது தனிக்கருவி ஒன்று இசைக்குழுவோடு சேர்ந்து வாசிக்கும் படைப்பு. பெயர் ‘ஹஷ்’. 2023 ஜூன் 2 அன்று அவர் பாரிசில் காலமானார். அதே ஆண்டு ஆகஸ்டில் ஹெல்சிங்கியில் சுசன்னா மால்க்கி நடத்த, பின்லாந்து வானொலி சிம்பொனி இசைக்குழு அதை அரங்கேற்றியது. டிரம்பெட் வாசித்தவர் வெர்னெரி போயோலா, ஜாஸ் மேடையில் பேரெடுத்தவர்.

மூளைக்கட்டியோடு வாழ்ந்த காலத்தில் சாரியாஹோ எழுதியது அது. மூன்றாம் பகுதியில் எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் தட்டொலியை இசைக்குழு முழுவதுமாக எடுத்துக்கொள்கிறது. அந்தத் தட்டலுக்கு நடுவே டிரம்பெட் வாய்திறக்க வழி தேடுகிறது. போயோலாவின் ஒலியில் பாதி சுரம், பாதி மூச்சு. அந்த மூச்சைக் கேட்டுத்தான் சாரியாஹோ அவரைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இதைக் கேட்டபின் என் மனதில் உறுதிப்பட்ட ஒரு கருத்தை இங்கே விவாதத்துக்கு வைக்கிறேன். பித்தளைக் கருவி என்றாலே படை அணிவகுப்பு, வெற்றி முழக்கம், திரைப்படத்தில் நாயகன் நுழையும் இடம் என்றே நமக்குப் பழக்கம். நார்டிக் நாடுகளின் (டென்மார்க், நார்வே, ஸ்வீடன், பின்லாந்து, ஐஸ்லாந்து) படைப்பாளர்களுடைய முக்கியமான படைப்புகள் பல அதற்கு நேர் எதிர்த்திசையில் செல்கின்றன. டென்மார்க்கின் ஹான்ஸ் ஆப்ரஹாம்சென் ஹார்னுக்கு (வட்டமாகச் சுருண்ட குழாய் கொண்ட பித்தளைக் கருவி) எழுதிய கான்செர்ட்டோ பெரும்பகுதி அடங்கிய குரலிலேயே நகர்கிறது. அதே நாட்டின் பென்ட் சோரென்சென் 1995-இல் எழுதிய டிராம்போன் கான்செர்ட்டோ ‘பேர்ட்ஸ் அண்ட் பெல்ஸ்’ உருவாகும்போதே கரைந்துகொண்டிருக்கும் இசை. ஐஸ்லாந்தின் ஆன்னா தோர்வால்ட்ஸ்டோட்டிர் தன் இசைக்குழுப் படைப்புகளில் பித்தளைக் கலைஞர்களைச் சுரமே இல்லாமல் வெறும் காற்றை ஊதவும் சொல்கிறார்.

இவ்வளவு உரத்த கருவிகளை இவ்வளவு அடக்கி எழுதுவதுதான் வடக்கு நாடுகள் இன்றைய இசைக்குத் தந்த பெரும் கொடை என்பது என் வாதம். மறுப்பவர்கள் வரலாம்.

சங்கொலி

மறுக்கத்தான் வந்திருக்கிறேன், வடமீன். நீங்கள் சொன்ன படைப்புகள் எனக்கும் பிடித்தவைதான். ஆனால் பாதி வீட்டைக் காட்டி முழு வீடு என்கிறீர்கள்.

ஸ்வீடனின் யான் சாண்ட்ஸ்ட்ரோம் 1989-இல் முடித்த ‘மோட்டார்பைக் கான்செர்ட்டோ’வை எங்கே வைப்பீர்கள்? டிராம்போனுக்கு எழுதப்பட்ட இருபதாம் நூற்றாண்டுப் படைப்புகளில் அதைவிட உலகம் சுற்றியது அரிது. ஸ்வீடனின் டிராம்போன் கலைஞர் கிறிஸ்டியன் லிண்ட்பெர்க் தோல் உடையில் மேடையேறி வாசிப்பார். புளோரிடாவின் சதுப்புநிலம், பிரான்சின் புரொவான்ஸ், ஆஸ்திரேலியா என்று ஒருவன் ஊர் ஊராகச் சுற்றுவதுதான் கதை.

தொடக்கத்தைக் கவனித்துக் கேளுங்கள். ஸ்லைடை (டிராம்போனின் நகரும் குழாயை) இழுத்துச் சுரத்தை ஏற்றுகிறார். சட்டென்று கீழே விழுகிறது. மறுபடி ஏறுகிறது, இம்முறை இன்னும் மேலே. ஒவ்வொரு விழுதலும் ஒரு கியர் மாற்றம். வேறு எந்தப் பித்தளைக் கருவியாலும் இதை இப்படிச் செய்ய முடியாது, ஏனென்றால் மற்றவற்றில் வால்வு இருக்கிறது. ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் இடையே உள்ள வெளி முழுவதையும் தொட்டுக்கொண்டே போகக்கூடியது டிராம்போன் ஒன்றுதான். சாண்ட்ஸ்ட்ரோம் அந்த உண்மையைப் பிடித்துக்கொண்டு ஒரு முழுப் படைப்பையே எழுப்பினார். இதை வேடிக்கை என்று சிலர் ஒதுக்குகிறார்கள், எனக்கு அதில் கோபமே வருகிறது. கருவியின் உடம்பிலிருந்தே வடிவத்தைக் கண்டெடுப்பதற்குப் பெயர் வேடிக்கை அல்ல.

சாண்ட்ஸ்ட்ரோம் ஸ்வீடனின் வடகோடியில் உள்ள பீத்தேயோ இசைக்கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். அவருடைய மாணவர் ஃபிரெட்ரிக் ஹோக்பெர்க், கௌபாய்ப் படங்களின் பாணியில் ‘கிட் போன்ஸ்’ என்னும் பாத்திரத்தை வைத்து லிண்ட்பெர்க்குக்கு டிராம்போன் கான்செர்ட்டோ எழுதினார். அடக்கம் எங்கே இருக்கிறது இதில்?

இசைத்தட்டு

இருவரும் 1980-களுக்குப் பிறகே பேசுகிறீர்கள். கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1953-இல் பின்லாந்தின் எய்னோயுஹானி ரௌத்தவாரா இன்னும் இசை மாணவர். பித்தளைக் கருவிகளுக்கும் தாளக்கருவிகளுக்கும் மட்டுமாக ‘நம் காலத்தில் ஓர் இரங்கற்பா’ என்ற பொருளில் ‘எ ரெக்வியம் இன் அவர் டைம்’ எழுதினார். பாடகர் இல்லை, நரம்புக் கருவி இல்லை. போர்க்காலத்தில் இறந்த தன் தாயின் நினைவுக்கு அதை உரித்தாக்கினார். அமெரிக்காவின் சின்சினாட்டியில் நடந்த போட்டியில் அது பரிசு பெற்றது. அடுத்து 1955-இல் பின்லாந்தின் முதுபெரும் இசைப்படைப்பாளர் சிபேலியுஸ், தன் பெயரால் வழங்கப்பட்ட கூசெவிட்ஸ்கி அறக்கட்டளை உதவித்தொகைக்கு இவரைத் தேர்ந்தெடுத்தார். ரௌத்தவாரா நியூயார்க்கின் ஜூலியார்டு இசைப்பள்ளிக்குப் போனார். பின்னாளில் உலகப்புகழ் பெற்ற ஒருவருக்கு முதல் கதவைத் திறந்தது பித்தளைதான்.

அதற்கும் மண் தயாராக இருந்தது. பின்லாந்தில் ஏழு பேர் கொண்ட பித்தளைக் குழு ஓர் ஊர் வழக்கம். சிபேலியுஸே அந்த அமைப்புக்கு 1899-இல் ‘தியேரா’ எழுதியிருக்கிறார். ஸ்வீடனில் ஆறு பேர் குழு இருந்தது.

அடுத்து 1962. ஃபோல்கே ராபேயும் யான் பார்க்கும் சேர்ந்து நான்கு டிராம்போன்களுக்கு ‘போலோஸ்’ எழுதினார்கள். ராபே தானே டிராம்போன் வாசிப்பவர். கருவியைத் தட்டலாம், அதற்குள் பேசலாம், பாடலாம், கழற்றலாம் என்பதையெல்லாம் மேடையில் வைத்துக் காட்டிய படைப்பு. இருபது ஆண்டு கழித்து, 1982-இல், அதே ராபே இளம் லிண்ட்பெர்க்குக்காக ‘பாஸ்டா’ எழுதினார். இன்று உலகின் எந்த மூலையில் டிராம்போன் போட்டி நடந்தாலும் அதை வாசிக்க ஒருவர் வருவார்.

ஆகவே உரக்கவா, அடங்கியா என்பது எனக்கு இரண்டாம் கேள்வி. எழுதியவர்களில் எத்தனை பேர் ஊதத் தெரிந்தவர்கள் என்று பாருங்கள். ராபே டிராம்போன். நார்வேயின் ரோல்ஃப் வாலின் டிரம்பெட். ஸ்வீடனின் சுண்ட்ஸ்வாலில் பிறந்த பிரிட்டா பைஸ்ட்ரோம் டிரம்பெட். பின்லாந்தின் இசை நடத்துநரும் படைப்பாளருமான எசா-பெக்கா சலோனென் ஹார்ன். ஆப்ரஹாம்சென் ஹார்ன். லிண்ட்பெர்க்கே 1990-களின் பிற்பகுதியிலிருந்து இசைப்படைப்பாளராகவும் ஆகிவிட்டார். பியானோ முன் அமர்ந்து யோசிக்கும் ஒருவருக்கு மூச்சு தீர்ந்துபோகும் இடம் தெரியாது. இவர்களுக்குத் தெரியும்.

மேற்சுரம்

இசைத்தட்டு ஐயா கடைசியாகச் சொன்னதை நான் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். நான் ஹார்ன் வாசிப்பவன்.

ஆப்ரஹாம்செனின் வலது கை பிறவியிலிருந்தே முழுமையாக இயங்காது. அதைப் பற்றி அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார்; இடது கைக்கு மட்டுமான பியானோ கான்செர்ட்டோ ஒன்றும் எழுதியிருக்கிறார். மேற்கத்திய இசைக்குழுவில் டிரம்பெட், டியூபா எல்லாம் வலது கை விரல்களால் வால்வை அழுத்தும் கருவிகள். ஹார்னில் மட்டும் வால்வுகள் இடது கையில். வலது கை மணிவாய்க்குள் சும்மா தங்கியிருந்து ஒலியைத் திருத்தும். சிறுவயதில் அவர் ஹார்னை எடுத்ததற்கு அதுவே காரணம். பிறகு பெர் நோர்கோர், பெல்லே குட்முண்ட்சென்-ஹோல்ம்கிரீன் ஆகியோரிடம் இசையாக்கம் பயின்றார். ஹார்னை உள்ளிருந்து அறிந்த ஒருவர் முழு கான்செர்ட்டோ எழுத 2019 வரை காத்திருந்தார். 2020 ஜனவரியில் பெர்லின் பில்ஹார்மோனிக் இசைக்குழுவின் முதன்மை ஹார்ன் கலைஞர் ஸ்டெஃபான் டோர், பாவோ யார்வி நடத்த, அதை முதன்முதலில் வாசித்தார்.

இனி வடமீன் சொன்ன அடங்கிய ஒலிக்கு வருகிறேன். மெல்ல ஊதுவது எளிது என்று கேட்பவர் நினைத்துக்கொள்கிறார்கள். எங்களுக்கு அதுதான் நெஞ்சு படபடக்கும் இடம். எஃப் ஹார்னின் குழாயை நீட்டி வைத்தால் ஏறக்குறைய 3.7 மீட்டர் வரும். அவ்வளவு நீளமான குழாயில் மேலே போகப்போக மேற்சுரங்கள் (விரலை மாற்றாமலே ஒரே குழாயில் எழும் இயற்கைச் சுரங்கள்) ஒன்றையொன்று நெருங்கிவிடும். விரல் மாறவே வேண்டாம். உதட்டின் இறுக்கம் மயிரிழை பிசகினால் பக்கத்துச் சுரத்தில் போய் விழுவோம். மெல்ல ஊதும்போது காற்றழுத்தம் குறைவு. உதடு அதிரத் தொடங்குமா, தொடங்காதா என்பதே அந்தக் கணம் வரை நிச்சயமில்லை. உரக்க ஊதினால் அந்தத் தயக்கத்தைக் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். ஆப்ரஹாம்சென் பத்து, பதினைந்து நிமிடம் கலைஞரை அந்த விளிம்பிலேயே நிறுத்துகிறார். வாசித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தப் படைப்பில் துணிச்சல் இருக்கிறது, மோட்டார்பைக்கில் இருப்பதற்குக் குறையாமல்.

இன்னொன்று. ஏழாவது, பதினோராவது மேற்சுரங்கள் பியானோவின் எந்தக் கட்டையிலும் பொருந்தாதவை. பழைய ஆசிரியர்கள் அவற்றை உதட்டால் திருத்தச் சொல்வார்கள். இன்றைய படைப்பாளர்கள் அப்படியே விடச் சொல்லி எழுதுகிறார்கள். கேட்பவர் காதுக்கு முதலில் பிசிறாகப் படும். சிறிது நேரத்தில் திருத்தப்பட்ட சுரம்தான் செயற்கையாகத் தோன்றும்.

சங்கொலி

‘பாஸ்டா’வில் பல்சுர ஊதல் வருகிறதே, அதையும் விளக்குங்கள் தம்பி. நிறையப் பேர் அதை ஒலிப்பதிவுத் தந்திரம் என்று நினைக்கிறார்கள்.

மேற்சுரம்

தந்திரம் எதுவுமில்லை அண்ணா. உதட்டால் ஒரு சுரம் ஊதிக்கொண்டே தொண்டையால் இன்னொரு சுரம் பாட வேண்டும். இரண்டும் குழாய்க்குள் கலக்கும்போது அவற்றின் கூட்டலும் கழித்தலுமாக மூன்றாவது, நான்காவது ஒலிகள் தாமாக எழும். இடைவெளி சரியாக அமைந்தால் தனி ஒருவர் ஒரு முழு நாதக்கூட்டை எழுப்பிவிடலாம். பாடும் குரல் சற்றே நழுவினாலும் எல்லாம் உறுமலாகிவிடும். ராபே அந்த உறுமலையும் வேண்டும் இடத்தில் கேட்டு வாங்குகிறார்.

பனித்தூறல்

நான் ஒஸ்லோவில் இருக்கிறேன். இந்த இழையை ஆரம்பத்திலிருந்து படித்தேன். எல்லோரும் அரங்கத்தைப் பற்றியே எழுதுகிறீர்கள். அரங்கத்துக்கு வெளியே இருப்பதைச் சொல்லாவிட்டால் நோர்வேயின் பித்தளை இசை விளங்காது.

இங்கே ஏறக்குறைய ஒவ்வொரு பாடசாலைக்கும் ஒரு வாத்தியக்குழு உண்டு, ‘ஸ்கூல்கோர்ப்ஸ்’ என்பார்கள். என் மகள் மூன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். கோர்னெட் (டிரம்பெட் போன்ற சிறு கருவி) கொடுத்தார்கள், கருவி குழுவுடையது, நாங்கள் வாங்கவில்லை. செலவுக்குப் பெற்றோர்தான் பொறுப்பு. பழைய பொருட்களைச் சேர்த்துப் பாடசாலை மண்டபத்தில் சந்தை போடுவோம், பெட்டி பெட்டியாகக் கழிவறைத்தாள் வாங்கி அயலவர்களுக்கு விற்போம், வாப்பிள் சுடுவோம். இது எங்கள் பிள்ளைகளின் குழுவில் மட்டும் நடப்பதல்ல, நாடு முழுக்க இப்படித்தான். மே 17, அரசியலமைப்பு நாள். ஒஸ்லோவில் பிள்ளைகளின் ஊர்வலம் அரண்மனைக்கு முன்னால் போகும். குழுவுக்கு ஒரு கொடி, கொடிக்குப் பின்னால் டிராம்போன் வரிசை. மழை பெய்தாலும் நிற்காது. நனைந்த கையுறையோடு வால்வு அழுத்தும் பிள்ளைகளைப் பார்த்தால்தான் தெரியும், இந்த நாட்டில் பித்தளை எங்கிருந்து வளர்கிறது என்று.

அங்கிருந்துதான் மேலே வருகிறார்கள். பேர்கனுக்கு அருகே ஐகாங்கர்-பியோர்ஸ்விக் என்று ஒரு பிராஸ் பேண்ட். 1988, 1989, 2017 ஆகிய ஆண்டுகளில் ஐரோப்பியப் பட்டம் வென்றவர்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு இசை தொழில் அல்ல. பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள். லொஃபோட்டன் தீவுகளில் வளர்ந்த தோர்ஸ்டைன் ஓகார்ட்-நில்சென் போன்ற படைப்பாளர் இத்தகைய குழுக்களுக்கும் எழுதுகிறார், சிம்பொனி இசைக்குழுவுக்கும் எழுதுகிறார். இரண்டுக்கும் இடையில் இங்கே மதில் இல்லை.

தீனே திங் ஹெல்செத்தை எல்லோருக்கும் தெரிந்திருக்கும். ஒஸ்லோக்காரி. பத்துப் பெண்கள் கொண்ட ‘டென்திங்’ குழுவை 2007-இல் தொடங்கினார். பென்ட் சோரென்சென் தன் டிரம்பெட் கான்செர்ட்டோவை எழுதியது இவருக்காகத்தான். என் மகளின் அறையில் அவருடைய படம் ஒட்டியிருக்கிறது. டிரம்பெட் ஆண்களின் கருவி என்று அவளிடம் யாராவது சொன்னால் அவளுக்கு அது புரியவே புரியாது.

வடமீன்

பனித்தூறல் அக்கா, இதைத்தான் யாராவது எழுத மாட்டார்களா என்று காத்திருந்தேன். நன்றி.

ரோல்ஃப் வாலினைப் பற்றி இன்னும் சில வரிகள் எழுத விரும்புகிறேன். வாலின் 1957-இல் பிறந்தவர். ஃபிராக்டல் கணிதத்தை (ஒரே வடிவம் சிறிதாகித் திரும்பத் திரும்ப வரும் அமைப்புகளின் கணிதம்) இசையாக்கத்தில் பயன்படுத்தியவர் என்பதால் வறண்ட ஆள் என்று ஒரு பெயர் உண்டு. ‘ஃபிஷர் கிங்’ கேட்டால் அந்தப் பெயர் நிற்காது. 2011-இல் ஸ்வீடனின் டிரம்பெட் கலைஞர் ஹோக்கன் ஹார்டன்பெர்கருக்காக எழுதிய டிரம்பெட் கான்செர்ட்டோ. பேர்கன் பில்ஹார்மோனிக் இசைக்குழுவோடு, யோன் ஸ்டோர்கோர்ட்ஸ் நடத்த, ஒன்டீன் நிறுவனம் வெளியிட்ட பதிவு கிடைக்கிறது.

‘ஃபிஷர் கிங்’ ஐரோப்பாவின் பழைய புராணக்கதையில் வரும் மன்னன். இயேசுவின் கடைசி விருந்தோடு தொடர்புபடுத்தப்படும் புனிதக் கிண்ணத்தைக் காக்கும் அவனுக்கு ஆறாத புண். அவன் நாடும் தரிசாகிக் கிடக்கிறது. அங்கே வரும் இளம் வீரன் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: ‘உமக்கு என்ன வலி?’ முதல்முறை அவன் கேட்காமல் போய்விடுகிறான்.

சாரியாஹோவின் ‘ஹஷ்’ படைப்பில் நான் மேலே சொன்ன எம்.ஆர்.ஐ. பகுதிக்கு என்ன தலைப்பு தெரியுமா? அதே கேள்விதான். சாரியாஹோ 1994-இல் எழுதிய வயலின் கான்செர்ட்டோ ‘கிரால் தேயாத்ர’ அதே புராணத்திலிருந்து பெயர் பெற்றது; ‘ஹஷ்’ அதற்கு இணையாக எழுதப்பட்டது. ஒரு நார்வேக்காரரும் ஒரு பின்லாந்துக்காரரும், பன்னிரண்டு ஆண்டு இடைவெளியில், அதே காயம்பட்ட மன்னனுக்கு அருகே டிரம்பெட்டைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள். இதைக் கண்டபோது எனக்கு உடல் சிலிர்த்தது. வெற்றியை அறிவிக்க மட்டுமே பழகிய கருவியின் வாயில் ‘என்ன வலி’ என்ற கேள்வியை வைப்பது சாதாரண முடிவல்ல.

சங்கொலி

அருமையான இணைப்பு. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் ‘அடக்கம்’ என்ற வாதத்தை அது காப்பாற்றவில்லை.

கலேவி ஆஹோவை ஏன் யாரும் தொடவில்லை? பின்லாந்தின் ஃபோர்சாவில் 1949-இல் பிறந்தவர். சிம்பொனி இசைக்குழுவில் உள்ள ஏறக்குறைய ஒவ்வொரு கருவிக்கும் ஒரு கான்செர்ட்டோ எழுதியிருக்கிறார். டியூபாவுக்கு உண்டு, டிராம்போனுக்கு உண்டு, டிரம்பெட்டுக்கு உண்டு, ஹார்னுக்கு உண்டு. அவருடைய ஒன்பதாம் சிம்பொனியே (1994) டிராம்போனைத் தனிக்கருவியாகக் கொண்டது, லிண்ட்பெர்க்குக்காக எழுதியது. அதில் ஓர் இடம்: இன்றைய இசைக்குழு அலைமோதிக்கொண்டிருக்கும்போது சட்டென்று ஹார்ப்சிகார்டு நுழைகிறது, லிண்ட்பெர்க் தன் டிராம்போனை வைத்துவிட்டு, அதன் மூதாதையான சாக்பட்டைக் கையிலெடுக்கிறார். மெலிந்த மணிவாய், குறுகிய குழாய். முந்நூறு ஆண்டு பின்னால் போய்விட்ட உணர்வு. பிறகு மறுபடி இன்றைய காலம் வந்து அதை மூழ்கடிக்கிறது.

அதைவிட முக்கியம் பன்னிரண்டாம் சிம்பொனி, ‘லுவோஸ்டோ’. பின்லாந்தின் வடகோடியான லாப்லாந்தில் லுவோஸ்டோ என்னும் குன்றின் சரிவில் வாசிப்பதற்கென்றே எழுதியது. 2003 ஆகஸ்டில் அங்கேயே அரங்கேறியது. லாதி சிம்பொனி இசைக்குழு, லாப்லாந்து சேம்பர் இசைக்குழு இரண்டும் சேர்ந்தன. அவர்களுக்கு அப்பால், கேட்பவர்களைச் சூழ்ந்து, குன்றின் மேல் தனித்தனியாகக் கலைஞர்கள் நின்று ஊதினார்கள். சுவர் கிடையாது, கூரை கிடையாது. எதிரொலிக்கு மலை.

அங்கே மெல்ல ஊதினால் பத்தடியில் கரைந்துவிடும். முழு மூச்சையும் கொடுத்து ஊத வேண்டும். ஆனால் தொலைவிலிருந்து வருவதால் கேட்பவர் காதில் அது அடங்கியே விழும். ஊதுபவருக்கு உரத்த ஒலி, கேட்பவருக்கு மெல்லொலி. ஆகவே நம் அளவுகோலை மாற்றலாம், வடமீன். இங்கே இருப்பது அடக்கமா, முழக்கமா என்பதல்ல, தூரம். ஆஹோவின் ஹார்ன் கான்செர்ட்டோவிலும் தனிக்கலைஞர் ஓரிடத்தில் நிற்பதில்லை, வாசித்துக்கொண்டே இடம் மாறுகிறார். மோட்டார்பைக்காரன் நாடு நாடாகப் போகிறான். எல்லாமே தூரத்தைப் பற்றிய இசை.

வடமீன்

‘தூரம்’ என்பதை ஏற்கிறேன். நான் சொல்ல வந்ததைவிடச் சரியாகவே பிடித்திருக்கிறீர்கள். ‘ஹஷ்’ கூட அப்படித்தான் கேட்கிறது, ஆனால் அங்கே தூரம் வேறு மாதிரியானது.

மேற்சுரம்

சங்கொலி அண்ணா சொன்ன தூரத்துக்கு முன்கதை இருக்கிறது. நார்வேயிலும் ஸ்வீடனிலும் கோடைக்கால மலை மேய்ச்சலில் மாடு மேய்த்த பெண்கள் ஆட்டுக்கொம்பும், பட்டை சுற்றிய நீண்ட மரக்குழலும் ஊதினார்கள். மந்தையை அழைக்க, கரடியை விரட்ட, அடுத்த மேய்ச்சல் நிலத்தாருக்குச் செய்தி சொல்ல. டென்மார்க்கில் இன்னும் பழையது: வெண்கல யுகத்தின் வளைந்த லூர் கொம்புகள். 1797-இல் பிரூதவெல்தே என்ற சதுப்பில் ஆறு கொம்புகள் ஒன்றாகக் கிடைத்தன. கோபன்ஹேகன் தேசிய அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

வியன்னாக்காரர் எச்.கே. குரூபர் 1999-இல் ஹார்டன்பெர்கருக்கு எழுதிய ‘ஏரியல்’ இங்கே பொருந்தும். வடதுருவ ஒளியை மனதில் வைத்து எழுதிய படைப்பு. நடுவே ஹார்டன்பெர்கர் டிரம்பெட்டை விட்டுவிட்டு மாட்டுக்கொம்பை ஊதுகிறார். எழுதியவர் ஆஸ்திரியர் என்றாலும், ஒரு மால்மோக்காரர் ஊதப்போகிறார் என்று தெரிந்து எழுதியது.

இசைத்தட்டு

இங்கே நான் கொஞ்சம் கடுமையாகப் பேசியாக வேண்டும். பனிமலை, துருவ ஒளி, மாட்டுக்கொம்பு, தனிமை... இசைத்தட்டு உறைகளில் பல காலமாக இதையே விற்கிறார்கள். மேற்சுரம் சொன்ன செய்திகள் உண்மை. ஆனால் மேய்ச்சல் நிலத்துக் கொம்பிலிருந்து இன்றைய கான்செர்ட்டோவுக்கு நேர்க்கோடு போட முடியாது.

மக்னுஸ் லிண்ட்பெர்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். (டிராம்போன் லிண்ட்பெர்க்குக்கு உறவில்லை, அவர் ஸ்வீடன், இவர் பின்லாந்து, இருவரும் 1958-இல் பிறந்தவர்கள்.) 1985-இல் ஹெல்சிங்கியில் அரங்கேறிய ‘கிராஃப்ட்’ படைப்புக்குத் தூண்டுதல் பெர்லினின் பங்க் (முரட்டு ராக் வகை) இசைக்கூடங்கள். பழைய இரும்புக் கடையில் பொறுக்கிய உலோகத்தைத் தட்டினார்கள். கலைஞர்கள் அரங்கம் முழுக்க நடந்தார்கள். ஒரு மரமும் இல்லை அதில், ஒரு மலையும் இல்லை. 1988-இல் நார்டிக் கவுன்சில் பரிசு பெற்றது. அதே லிண்ட்பெர்க் 2005-இல் பித்தளைக் குழுவுக்கு எழுதிய ‘ஒட்டோனி’, சிகாகோ சிம்பொனியின் பித்தளைப் பிரிவுக்காக. உலகிலேயே உறுதியான பித்தளைப் பிரிவு என்று பேர் பெற்றது அது. அவர்கள் கேட்டார்கள், இவர் எழுதினார். அதில் வடக்கு எங்கே?

நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான். இந்த இசை பிறந்ததற்குக் காரணங்கள் கைக்கு எட்டுபவை: நகராட்சி நடத்தும் இசைப்பள்ளிகள், பொதுப்பணத்தில் வரும் படைப்புப் பணிகள், கேட்டு வாங்கும் கலைஞர்கள், பதிவுசெய்ய ஒரு நிறுவனம். கிறிஸ்டியன் லிண்ட்பெர்க் பதினேழு வயதில்தான் டிராம்போனைத் தொட்டார்; பத்தொன்பதில் ஸ்டாக்ஹோம் அரச ஓப்பரா இசைக்குழுவில் வேலை; அடுத்த ஆண்டே அதை விட்டுவிட்டுத் தனிக்கலைஞராவேன் என்று கிளம்பினார். அப்படி ஒரு தொழிலே அப்போது உலகில் இல்லை. வாசிக்கப் படைப்புகள் இல்லாததால் ஒவ்வொருவராகப் போய்க் கேட்டு எழுதச் சொன்னார். 300-க்கும் மேற்பட்ட படைப்புகள் அவர் கையால் அரங்கேறின. ஸ்வீடனின் இசைத்தட்டு நிறுவனமான பிஸ்ஸை ராபர்ட் ஃபான் பார் 1973-இல் தொடங்கினார். விற்குமா என்று பார்க்காமல் டிராம்போன் தட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக வெளியிட்டது அது. 2023-இல் அதை ஆப்பிள் வாங்கிவிட்டது. இனி அந்தத் துணிச்சல் நிலைக்குமா என்ற கவலை எனக்கு உண்டு.

பனித்தூறல்

இசைத்தட்டு அண்ணா சொல்வதில் பெரும்பகுதி சரி. ஆனால் ‘ஒரு மலையும் இல்லை’ என்று தீர்ப்பெழுதவும் முடியாது. லுவோஸ்டோ சிம்பொனியை ஆஹோ மலைக்கென்றே எழுதினார். அது விளம்பர உறையில் எழுதியது அல்ல. ஒருவர் பங்க் கேட்டு எழுதுவார், ஒருவர் குன்றைப் பார்த்து எழுதுவார். இருவரும் அதே நாட்டவர்.

டியூபாவைப் பற்றி இரண்டு வரி. திரொண்ட்ஹைமில் பிறந்த ஓய்ஸ்டைன் போட்ஸ்விக் டியூபாவையே தனிக்கருவியாக வைத்து உலகம் சுற்றுகிறார். எந்த இசைக்குழுவிலும் நிரந்தர இருக்கை இல்லாமல் வாழும் டியூபாக்காரர் மிக அரிது. அவரே எழுதிய ‘ஃப்னுக்’ என்ற சிறு படைப்பில் ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் டிஜெரிடூவை நினைவூட்டும் தொடர் உறுமலும், அதன் மேல் உதட்டாலேயே தட்டும் தாளமும் சேர்ந்து வருகின்றன. எங்கள் பிள்ளைகளின் குழுவில் டியூபா ஊதும் பையன் அந்தக் காணொளியைப் பார்த்துவிட்டுத்தான் டியூபாவை விடமாட்டேன் என்று அடம்பிடித்தான். ஆஹோவின் டியூபா கான்செர்ட்டோவையும் போட்ஸ்விக் பதிவுசெய்திருக்கிறார்.

புதுத்துளை

வணக்கம். தேவாலயப் பித்தளைக் குழுவில் டிரம்பெட் வாசிக்கிறேன், கீர்த்தனைகளும் ஞானப்பாட்டுகளும்தான் இதுவரை. இந்த இழையில் வந்த எதையும் நான் கேட்டதில்லை. எங்கே தொடங்குவது? மூத்தவர்கள் சொல்லுங்கள்.

வடமீன்

‘ஹஷ்’. வேறு எதுவும் வேண்டாம். விளக்கை அணைக்க வேண்டியதில்லை, குறிப்பு படிக்க வேண்டியதில்லை. போயோலாவின் மூச்சு எங்கே முடிந்து சுரம் எங்கே தொடங்குகிறது என்று மட்டும் கவனியுங்கள்.

இசைத்தட்டு

முதல்முறை கேட்பவரை அங்கே அனுப்பாதீர்கள், வடமீன். தம்பி, நீ ரௌத்தவாராவின் இரங்கற்பாவில் தொடங்கு. உன் குழுவில் உள்ள அதே கருவிகள்தான். ஞானப்பாட்டு வாசித்துப் பழகிய காதுக்கு அதன் முதல் பகுதி அந்நியமாகவே இராது. இரண்டாம் பகுதியின் தலைப்பில் நம்பிக்கை, ஐயம் இரண்டும் இருக்கின்றன. இசையும் அப்படியே இழுபடும். உங்கள் குழுத் தலைவரிடம் கேட்டுப் பார். தாளக்கருவிக்கு ஆள் கிடைத்தால், சில ஆண்டுப் பயிற்சியில் நீங்களே எடுத்து வாசிக்கலாம்.

சங்கொலி

இரண்டையும் கேள். ஆனால் அதற்கு முன் ‘பாஸ்டா’. ஏறக்குறைய ஐந்து நிமிடம். தனி டிராம்போன், வேறு துணை இல்லை. கலைஞர் மேடைக்கு ஓடிவருகிறார், மூச்சிரைக்கச் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். ஒரே ஒரு பித்தளைக் குழாயால் இவ்வளவும் முடியுமா என்ற திகைப்பு முதலில் வந்தால்தான் மற்றவற்றைப் பொறுமையோடு கேட்பாய். பிறகு மோட்டார்பைக்.

மேற்சுரம்

ஆப்ரஹாம்செனைக் கடைசியாகக் கேளுங்கள். நல்ல காதொலிப்பான் வேண்டும். கைப்பேசியின் ஒலிபெருக்கியில் பாதி கேட்காது. சலோனெனின் ஹார்ன் கான்செர்ட்டோவும் வந்துவிட்டது: 2025 கோடையில் லூசெர்ன் விழாவில் ஸ்டெஃபான் டோர் வாசித்தார். இளமையில் சிபேலியுஸ் அகாதமியில் ஹார்ன் பயின்றவர் சலோனென். தன் ஆசிரியர் ஹோல்கர் ஃபிரான்ஸ்மானின் நினைவாக 2000-இல் தனி ஹார்னுக்கு ஒரு சிறு படைப்பு எழுதியிருந்தார். அதை நான் வாசித்துப் பழகிக்கொண்டிருக்கிறேன். ஊதிக்கொண்டே பாடும் இடங்கள் அதிலும் உண்டு. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டு, இருபத்தைந்து ஆண்டுகளில் அவர் ஹார்னிடம் கேட்பது எப்படி மாறியிருக்கிறது என்று எழுத நினைக்கிறேன். தனி இழையாகத் தொடங்குகிறேன். ஹார்ன் வாசிப்பவர்கள் அங்கே வந்து சேருங்கள்.

புதுத்துளை

எல்லோருக்கும் நன்றி. இரங்கற்பாவின் இசைத்தாளை எங்கே வாங்குவது என்று மட்டும் யாராவது சொல்ல முடியுமா? குழுத் தலைவரிடம் ஞாயிற்றுக்கிழமை பேசப்போகிறேன். எங்களிடம் நான்கு டிரம்பெட், மூன்று டிராம்போன், இரண்டு யூபோனியம், ஒரு டியூபா இருக்கின்றன. ஹார்ன் இல்லை.

மேற்சுரம்

ஹார்ன் பகுதியை யூபோனியத்துக்கு மாற்றி எழுதிக்கொள்ளலாம், சிரமமில்லை. பயிற்சிக்கு மட்டும் என்றால் நானே எழுதித் தருகிறேன். மேடையில் வாசிப்பதானால் வெளியீட்டாளரின் அனுமதி வேண்டும். முதலில் முழு இசைத்தாளை முறைப்படி வாங்கிவிடுங்கள், வந்ததும் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள்.